ஃபுட் கோர்ட்டில் உய்கூர் சாப்பாடு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நியூயார்க்கின் ஃபிளஷிங் பிள்ளையார் கோயிலுக்குப் போய்வருகிறவர்களுக்கு மெயின் ஸ்ட்ரீட் தெரியாமல் இருக்காது. 7ஆம் எண் ரயிலின் கடைசி நிறுத்தம். அங்கிருக்கும் சீன மால்களின் ஃபுட் கோர்ட்டுகளில் சிச்சுவான் கடை, தைவான் கடை என்று பார்த்துக்கொண்டே போகும்போது, ஆட்டுக்கறியும் சீரகமும் வறுபடும் வாசனை வந்தால் நின்று பாருங்கள். உய்கூர் கடையாக இருக்கலாம். உய்கூர்கள் சீனாவின் வடமேற்கில் உள்ள ஷின்ஜியாங்கின் காஷ்கர், துர்பான், ஹோத்தான், குல்ஜா பக்கத்து மக்கள். துருக்கிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த மொழி, இஸ்லாமிய சமயம், கோதுமையும் ஆட்டுக்கறியும் பிரதானமான சாப்பாடு. சிட்னி, அடிலெய்டு, வாஷிங்டன் வட்டாரம் என்று தமிழர்கள் இருக்கும் வேறு ஊர்களிலும் இவர்களுடைய உணவகங்கள் உண்டு.

ஃபுட் கோர்ட் என்றால் நமக்கு ஒரு பழக்கம் படிந்துவிட்டது. ஆளுக்கொரு தட்டு, ஐந்து நிமிடத்தில் கையில், பத்து நிமிடத்தில் காலி, மிச்சம் தொட்டியில். உய்கூர் சாப்பாடு இந்த அவசரத்துக்கு ஒத்துவராது. "போய்ப் பார்த்தோம், அப்படி ஒன்றும் இல்லை" என்று சொல்கிறவர்களில் பாதிப் பேருக்காவது ஏமாற்றம் இதனால்தான் வந்திருக்கும் என்பது என் கணிப்பு.

முதலில் கடையைச் சரியாகக் கண்டுபிடியுங்கள். சீரகமும் மிளகாய்த்தூளும் தூவிச் சுட்ட ஆட்டுக்கறிக் குச்சியைச் சீனா முழுக்க எல்லோரும் விற்கிறார்கள். அதனால் குச்சி இருக்கும் கடையெல்லாம் உய்கூர் கடை ஆகிவிடாது, ஹலால் கடையும் ஆகிவிடாது. பலகையில் அரபு வடிவ எழுத்து இருக்கிறதா, பட்டியலில் லக்மன் என்ற நூடுல்ஸும் போலோ என்ற கறிச்சோறும் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் அது அநேகமாக வேறு கடை.

லக்மனில்தான் அதிகத் தவறு நடக்கிறது. கையால் இழுத்த நூடுல்ஸ், மேலே ஆட்டுக்கறியும் குடைமிளகாயும் தக்காளியும் பூண்டுத்தாளும் போட்ட வதக்கல். மைதாவும் உப்பும் தண்ணீரும்தான் மாவு. பிசைந்து ஊறவிட்டு, எண்ணெய் தடவி, கயிறு மாதிரி உருட்டித் தட்டில் சுருட்டி வைத்திருப்பார்கள். நீங்கள் சொன்ன பிறகு அதை எடுத்து இழுத்து, இரண்டு கையிலும் சுற்றிப் பலகையில் அடித்து நீட்டி வேக வைப்பார்கள். வெந்ததும் ஒட்டாமல் இருக்கத் தண்ணீரில் அலசுவார்கள். அந்த நேரத்தில் பக்கத்துச் சட்டியில் வதக்கல் தயாராகும். இதற்கெல்லாம் நேரம் ஆகும். "இன்னும் வரலையா?" என்று கவுன்ட்டரில் போய் நின்றால் அவர்கள் கை ஒன்றும் வேகமாக ஓடாது. சொன்னவுடன் லக்மன் வந்துவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும், முன்பே வேகவைத்து வைத்ததாக இருக்கலாம்.

தட்டு வந்த பிறகு நேரம் உங்கள் பக்கம் இல்லை. உடனே கிளறுங்கள். அடியில் நூடுல்ஸும் மேலே குழம்புமாக அப்படியே விட்டு நாலு கோணத்தில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தால் அடியில் இருப்பது ஒரே கட்டியாகிவிடும். பார்சல் வாங்குகிறவர்கள் நூடுல்ஸையும் வதக்கலையும் தனித்தனியாகக் கட்டித் தரச் சொல்லுங்கள். இன்னொன்று, வதக்கலை முதலிலேயே தீர்த்துவிடாதீர்கள். அவர்கள் ஊரில் நூடுல்ஸ் போதவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் வாங்கி அதே குழம்பில் போட்டுக்கொள்வது சாதாரண விஷயம், பல கடைகளில் அதற்குக் காசும் கிடையாது. வெளிநாட்டு ஃபுட் கோர்ட்டில் காசு கேட்கலாம். கேட்டாலும் கொடுக்கலாம், தவறில்லை.

குழம்பு வேண்டாம், உலர்வாக வேண்டும் என்றால் நூடுல்ஸை வதக்கலோடு சேர்த்துப் பிரட்டித் தருவதும் உண்டு. சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி வதக்குவது சோமன். நீள நூடுல்ஸோடு போராடும் குழந்தைகளுக்கு அதைச் சொல்லுங்கள்.

போலோவைப் பிரியாணி என்று நினைத்துக்கொண்டு உட்காராதீர்கள். கசான் என்ற பெரிய இரும்புச் சட்டியில் ஆட்டுக்கறியும் வெங்காயமும் வதக்கி, நீளவாக்கில் நறுக்கிய கேரட்டைக் குவியலாகப் போட்டு, மேலே அரிசியைப் பரப்பிக் கிளறாமல் தம் போடுவார்கள். பட்டை, கிராம்பு, பச்சை மிளகாய் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். உப்பு, கொஞ்சம் சீரகம், சிலர் சமையலில் உலர்திராட்சை. கறியின் கொழுப்பும் கேரட்டின் இனிப்பும்தான் ருசி. முதல் வாயில் சப்பென்று இருப்பதாகத் தோன்றும். கூடவே தயிரோ வெங்காய சாலடோ வைத்துக்கொண்டு நாலைந்து வாய் சாப்பிட்டால்தான் பிடிபடும். அப்புறம், போலோ ஒரே சட்டியாகச் செய்வது, தீர்ந்தால் தீர்ந்ததுதான். சாயங்காலம் ஐந்து மணிக்குப் போய் மத்தியானச் சட்டியின் அடியை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை. எப்போது இறக்கினீர்கள் என்று கேட்டு, நேரம் ஆகிவிட்டிருந்தால் லக்மன் பக்கம் போய்விடுங்கள்.

தனியாகப் போனவர் தாப்பாஞ்சி வாங்குவது அடுத்த தவறு. பட்டியலில் 'பெரிய தட்டுக் கோழி' என்று இருக்கும், பேருக்கேற்ற பெரிய தட்டுதான். எலும்போடு வெட்டிய கோழி, உருளைக்கிழங்கு, காய்ந்த மிளகாய், நட்சத்திரப்பூ, நாக்கை மரத்துப்போக வைக்கும் சிச்சுவான் மிளகு. ஷின்ஜியாங்கில் ஷாவான் என்ற ஊரின் சாலையோரக் கடைகளிலிருந்து பிரபலமானது, பழங்காலச் சமையல் ஒன்றும் இல்லை. மூன்று நாலு பேருக்கு ஒரு தட்டு போதும். கோழி பாதி தீர்ந்ததும் பட்டையான நூடுல்ஸைக் கொண்டுவரச் சொல்லிக் குழம்பில் புரட்டுங்கள். ஆரம்பத்திலேயே கொட்டினால் அது குழம்பையெல்லாம் உறிஞ்சிவிடும். சிச்சுவான் மிளகை மென்றுவிட்டு ஏதோ ஒவ்வாமை என்று பயப்பட வேண்டாம், சில நிமிடத்தில் சரியாகிவிடும். எலும்பு வேண்டாம் என்று கேட்காதீர்கள், குழம்பின் பாதி ருசி எலும்பில்தான் இருக்கிறது.

கவாப் என்ற சுட்ட கறிக் குச்சியில் கறித்துண்டுகளுக்கு நடுவே ஒரு கொழுப்புத் துண்டு வைத்திருப்பார்கள். அதை ஒதுக்குகிறவர்கள் கறியின் பதத்தையும் சேர்த்து ஒதுக்குகிறார்கள். சூடு ஆறினால் கொழுப்பு உறைந்து வாயில் மெழுகாக ஒட்டும், அதனால் குச்சி வந்தவுடன் மற்றதை நிறுத்திவிட்டு அதைச் சாப்பிடுங்கள். சம்சா நம் சமோசா அல்ல. எண்ணெயில் பொரிக்காமல் தந்தூர் அடுப்பின் சுவரில் ஒட்டிச் சுடுவது, உள்ளே ஆட்டுக்கறியும் வெங்காயமும். அவசரத்தில் ஒரே கடியாகக் கடித்தால் உள்ளிருக்கும் கொழுப்புச் சாறு நாக்கைச் சுட்டுவிடும். ஒரு மூலையைக் கிள்ளி ஆவியை விடுங்கள். கொழுக்கட்டை மாதிரி ஆவியில் வேகும் மந்தாவுக்கும் இதே எச்சரிக்கை.

மேசையில் கறுப்பு வினிகரும் லாசா என்ற மிளகாய் விழுதும் இருக்கும். வினிகரை நம்மவர்கள் பெரும்பாலும் தொடுவதே இல்லை. லக்மனிலும் மந்தாவிலும் கொஞ்சம் விட்டுப் பாருங்கள், ஆட்டுக்கொழுப்பின் கனத்தை அது வெட்டிவிடும். லாசாவை ருசி பார்க்காமல் கரண்டியால் அள்ளிப் போடுவதுதான் நம் வழக்கமான அவசரம். குடிப்பதற்கு ஐஸ் போட்ட கோலாவைவிடச் சூடான தேநீர் நல்லது. குல்ஜா பக்கத்துப் பால் தேநீர் கிடைத்தால் குடித்துப் பாருங்கள், ஆனால் அதில் உப்புப் போட்டிருப்பார்கள்.

சைவர்கள் 'கறி இல்லாமல்' என்று மட்டும் சொன்னால் போதாது. கறித்துண்டை விட்டுவிட்டு அதே கொழுப்பில் வதக்கித் தரலாம். போலோவில் அரிசியே கறிச்சாற்றில் வெந்தது. பூசணிக்காய் மந்தாவிலும் கொழுப்பு இருக்கக்கூடும். முட்டை சாப்பிடுகிறவர்கள் தக்காளி முட்டை போட்ட லக்மன் கேட்கலாம். மற்றவர்களுக்கு மாவுச்சத்தில் செய்த புளிப்பும் காரமுமான லாங்புங், சாலட், நான் ரொட்டி. அதே சட்டி, அதே கரண்டி என்பது உறுத்தினால் பிள்ளையார் கோயில் கேன்டீனில் தோசை சாப்பிட்டுவிட்டு வருவதே நிம்மதி.

இனி மேசை மரியாதை. ஃபுட் கோர்ட் மேசைகள் பொது என்பது சரிதான். ஆனால் கடைக்கு ஒட்டினாற்போல் அவர்களே போட்டிருக்கும் மேசையில் அடுத்த கடைப் பன்றிக்கறியையும் பீரையும் கொண்டுவந்து வைக்காதீர்கள். பன்றிக்கறி தொட்ட கரண்டியை அவர்கள் கிண்ணத்தில் போட்டுத் திருப்பிக் கொடுப்பதும் கூடாது. கூட்டமாகப் போய் ஆளுக்கொரு கடையில் வாங்குவதாக இருந்தால் நடுவில் இருக்கும் பொது மேசைக்குப் போய்விடலாம்.

யாரைப் பார்த்தாலும் சொந்த ஊர் எது, வீட்டில் யார் யார், கடைசியாக எப்போது ஊருக்குப் போனீர்கள் என்று பிரியமாக விசாரிப்பது நம் வழக்கம். இங்கே அதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். 2017 முதல் ஷின்ஜியாங்கில் ஏராளமான உய்கூர்கள் தடுப்பு முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அங்கு நடந்தவை மனித குலத்துக்கு எதிரான குற்றங்களாக இருக்கக்கூடும் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2022 ஆகஸ்டில் அறிக்கை வெளியிட்டது. சீன அரசு அதை மறுக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் பலருக்கு வீட்டோடு பேச்சே அறுந்துபோயிருக்கிறது. கவுன்ட்டரில் வரிசை நிற்கும்போது இதைக் கிளறினால் அவர் என்ன சொல்வார்? புலம்பெயர்ந்த ஈழத்தமிழருக்கு இதை விளக்கவே வேண்டாம். அவராகப் பேசினால் கேளுங்கள். நீங்களாகக் கேட்பதென்றால் இன்று எது நன்றாக வந்திருக்கிறது என்று கேளுங்கள். சாப்பிட்டு முடித்து 'ரஹ்மத்' என்று நன்றி சொன்னால் முகம் மலரும்.

கடைசியாக நான் ரொட்டி. நடுவில் முள் அச்சால் குத்திய கோலம் இருக்கும், அந்தப் பக்கம் மேலே இருக்கும்படி வையுங்கள். கவிழ்த்து வைப்பதும், மிச்சத்தைத் தட்டோடு குப்பைத்தொட்டியில் தள்ளுவதும் அவர்கள் கண்ணில் படக்கூடாத காரியங்கள். ரொட்டிக்கு அவ்வளவு மரியாதை. கத்தி கேட்காமல் கையால் பிய்த்துப் பகிர்ந்துகொள்ளுங்கள், மிஞ்சினால் காகிதத்தில் சுற்றி வாங்கிக்கொள்ளுங்கள். சில நாள் கெடாது. மறுநாள் மைக்ரோவேவில் வைத்தால் ரப்பராகிவிடும். லேசாகத் தண்ணீர் தெளித்துத் தோசைக்கல்லில் மூடிபோட்டு இரண்டு பக்கமும் சுட்டால் போதும், தேநீரில் தொட்டுச் சாப்பிட நன்றாக இருக்கும்.