வழக்கொழிந்த ரெகுலேட்டருக்கு மாற்றுத் தேடியபோது

எங்கள் கட்டுப்பாட்டுப் பலகையில் இருந்த 3.3 வோல்ட் ரெகுலேட்டரின் (மின்னழுத்தத்தை நிலையாக வைக்கும் சில்லின்) உற்பத்தி நிறுத்தப்படுவதாக அறிவிப்பு வந்ததால், பல நிறுவனங்கள் தயாரிப்பதும் எளிதில் மறையாததுமான 1117 வகைக்கு மாறினோம். உறையும் கால் வரிசையும் அப்படியே பொருந்தின. ஆனால் புதிய பலகைகளில் சில, காரணமின்றி அவ்வப்போது ரீசெட் ஆயின.

மென்பொருள் உறைந்தால் ரீசெட் செய்யும் வாட்ச்டாக்கைச் சந்தேகித்தோம், ரீசெட் காலின் மின்தடையை மாற்றினோம், அடாப்டரையும் மாற்றினோம். பயனில்லை. மல்டிமீட்டரோ பிசகாமல் 3.3 என்றே காட்டியது. ஆசிலோஸ்கோப்பை, ஏற்ற இறக்கத்தை மட்டும் காட்டும் ஏசி நிலையில் வைத்துப் பார்த்த பிறகே வெளியீடு அலைவுறுவது தெரிந்தது.

விடை தரவுத்தாளில் இருந்தது. பழைய சில்லு பலகையில் இருந்த செராமிக் மின்தேக்கியோடு நிலையாக இயங்கும். 1117 வகையான எல்எம்1117-க்கோ வெளியீட்டு மின்தேக்கியின் உள்தடை 0.3 முதல் 22 ஓம் வரை இருக்க வேண்டும், செராமிக்கில் அது மில்லிஓம் அளவே. 10 மைக்ரோஃபாரட் டான்டலம் மின்தேக்கி போட்டதும் அலைவு நின்றது, நிம்மதி பிறந்தது.

அடுத்த பதிப்பில் செராமிக்குடன் தொடராக ஒரு மின்தடைக்கு இடம் விட்டுள்ளோம்: 1117 என்றால் அரை ஓம், செராமிக்கை ஏற்கும் சில்லு என்றால் சுழிய ஓம். உதிரிப்பட்டியலில் ஒவ்வொரு மாற்றுச் சில்லுக்கும் எதிரே அதற்குரிய மின்தடை மதிப்பும் இப்போது இடம்பெறுகிறது.