மரண தண்டனைக்கு வேதத்தில் ஆதாரம் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொடூரமான ஒரு கொலைச் செய்தி வந்தால் போதும், அன்று மாலைக்குள் சபை வாட்ஸ்அப் குழுவில் இரண்டு வசனங்கள் வந்துவிடும். ஒருவர் ஆதியாகமம் 9:6-ஐப் போடுவார்: மனுஷனுடைய இரத்தத்தைச் சிந்துகிறவனுடைய இரத்தம் மனுஷனாலே சிந்தப்படக்கடவது. இன்னொருவர் யாத்திராகமம் 20:13-ஐப் போடுவார்: கொலை செய்யாதிருப்பாயாக. அதற்கப்புறம் நாலைந்து ஆமென், ஒரு சண்டை, பாஸ்டர் வந்து "நாளை பேசலாம்" என்பார். நாளை யாரும் பேசமாட்டார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொலைகாரனுக்கு உயிர்த்தண்டனை கொடுக்கும் அதிகாரம் அரசுக்கு உண்டா என்று கேட்டால், வேதம் அதை மறுக்கவில்லை. ஆனால் "அதிகாரம் உண்டு" என்பதிலிருந்து "அப்படியானால் இவனைத் தூக்கில் போடு" என்று ஒரே தாவாகத் தாவ அது விடுவதும் இல்லை. நடுவில் ஏகப்பட்ட வேலி போட்டு வைத்திருக்கிறது. நான் கேட்ட வாதங்களில் பெரும்பாலானவை அந்த வேலியையே பார்க்காதவை.

ஆறாம் கட்டளையோடு நிறுத்திவிடுவது

மரண தண்டனையை எதிர்ப்பவர்கள் முதலில் எடுப்பது "கொலை செய்யாதிருப்பாயாக" என்ற இதைத்தான். (கத்தோலிக்கர் எண்ணிக்கையில் இது ஐந்தாம் கட்டளை.) பத்துக் கட்டளைகள் இருப்பது யாத்திராகமம் 20-ஆம் அதிகாரத்தில். ஒரு பக்கம் புரட்டினால் 21:12-ல், ஒருவனைச் சாகும்படி அடித்தவன் கொல்லப்படவேண்டும் என்று அதே நியாயப்பிரமாணம் சொல்கிறது. சீனாய் மலையடியில் இரண்டையும் கேட்ட ஜனங்கள் இதில் முரண்பாடு இருப்பதாக நினைக்கவில்லை. ஒருவன் தன் பகைக்காகக் கொல்வதும், விசாரித்துத் தீர்ப்பளித்து ஒரு சமூகம் கொல்வதும் அவர்களுக்கு வேறு வேறு. மரண தண்டனை கூடாது என்று வேதத்திலிருந்து பேச நல்ல இடங்கள் இருக்கின்றன. இது அதில் ஒன்றல்ல.

மோசேயின் பட்டியலில் வேண்டியதை மட்டும் பொறுக்குவது

ஆதரிப்பவர்கள் லேவியராகமத்தையும் உபாகமத்தையும் திறந்தால் சிக்கல் வேறு விதம். அங்கே மரண தண்டனை கொலைக்கு மட்டும் இல்லை. விபசாரம், ஆள் கடத்தல், தேவதூஷணம், தாய் தகப்பனைச் சபிப்பது, அடங்காத மகன் என்று பட்டியல் நீள்கிறது. எண்ணாகமம் 15-ல் ஓய்வுநாளில் விறகு பொறுக்கிய ஒருவனைப் பாளயத்துக்குப் புறம்பே கொண்டுபோய்க் கல்லெறிந்து கொல்கிறார்கள். இன்றைக்குக் கொலைக்கும் பாலியல் வன்கொடுமைக்கும் லேவியராகமத்தைக் காட்டுகிறவர், ஞாயிற்றுக்கிழமை கடை திறப்பவருக்கு அதே சட்டத்தைக் கேட்பாரா? கேட்கமாட்டார். அப்படியானால் அவர் நிற்பது மோசேயின் சட்டத்தின் மேல் அல்ல. தன் கோபத்துக்குப் பொருந்திய வரிகளின் மேல்.

விவரம் தெரிந்த ஆதரவாளர்கள் இதனால்தான் நோவாவிடம் போகிறார்கள். ஆதியாகமம் 9 மோசேக்கு முந்தியது. இஸ்ரவேலுக்கு மட்டுமல்ல, ஜலப்பிரளயத்துக்குப் பின் மனுக்குலம் முழுவதற்கும் சொல்லப்பட்டது. மனுஷன் தேவசாயலில் உண்டாக்கப்பட்டவன் என்று அதற்குக் காரணமும் சொல்லியிருக்கிறது. இது பலமான வாதம்தான். ஆனால் இரண்டு வசனம் முன்னால், 9:4-ல், இறைச்சியை இரத்தத்தோடே புசிக்கவேண்டாம் என்றும் அதே நோவாவிடம்தான் சொல்லப்படுகிறது. அப்போஸ்தலர் 15-ல் புறஜாதிச் சபைகளுக்கு எழுதிய கடிதத்திலும் அந்த விலக்கு திரும்ப வருகிறது. ஆறாம் வசனம் எல்லாக் காலத்துக்கும் எல்லாருக்கும் என்று அழுத்திச் சொல்லிவிட்டு, ஞாயிறு மதியம் ஆட்டு ரத்தப் பொரியலில் கை வைப்பவர்கள் நம்மில் நிறைய. இதற்கு விளக்கம் இல்லை என்று சொல்லவில்லை. விளக்கம் தேவைப்படுகிறது என்கிறேன்.

"கண்ணுக்குக் கண்" என்பதைக் கூலிக்கணக்காகப் படிப்பது

யாத்திராகமம் 21:24 பழிவாங்கச் சொல்லும் கட்டளை போலவே மேற்கோளாகிறது. அது வருவது, லாமேக்கு தனக்காக எழுபத்தேழு மடங்கு பழி நடக்கும் என்று பெருமையடித்த கதைக்குப் பின்னால். அந்த உலகத்தில் ஒரு கண்ணுக்கு ஒரு கண், அதற்கு மேல் கேட்காதே என்பது உச்சவரம்பு. அதையும் அப்படியே நிறைவேற்றினார்களா என்று பார்க்க இரண்டு வசனம் தள்ளிப் போனால் போதும்: எஜமான் தன் அடிமையின் கண்ணைக் கெடுத்தால், அந்தக் கண்ணுக்காக அடிமையை விடுதலையாக்கி அனுப்பவேண்டும். எஜமானின் கண்ணைப் பிடுங்கச் சொல்லவில்லை.

சரி, கொலைக்கும் அப்படி ஈடு கொடுத்துத் தப்பலாமா? முடியாது. எண்ணாகமம் 35:31 கொலைபாதகனுடைய ஜீவனுக்காக மீட்கும் பொருளை வாங்கக்கூடாது என்று தனியாகவே தடுக்கிறது. பணக்காரன் காசைக் கொடுத்து நழுவக்கூடாது என்பதில் அந்தச் சட்டம் கறாராக இருந்தது.

சாட்சியைப் பற்றிய அதிகாரங்களைத் தாண்டிப் போவது

என்னைக் கேட்டால் எல்லாத் தவறிலும் பெரியது இதுதான். தண்டனை எழுதியிருக்கும் வசனத்தை மனப்பாடமாகச் சொல்பவர்கள், அதே புத்தகத்தில் விசாரணை எப்படி நடக்கவேண்டும் என்று எழுதியிருப்பதை ஒரு பிரசங்கத்தில்கூடத் தொடுவதில்லை.

உபாகமம் 17:6 ஒரே சாட்சியின் வாக்கினால் ஒருவனும் கொல்லப்படக்கூடாது என்கிறது. குறைந்தது இரண்டு பேர் வேண்டும். அடுத்த வசனம் இன்னும் கடினம்: கல்லெறியும்போது முதல் கை சாட்சி சொன்னவனுடையதாக இருக்கவேண்டும். கூண்டில் ஏறிச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட முடியாது. 19-ஆம் அதிகாரத்தில், பொய்ச்சாட்சி சொன்னவன் எந்தத் தண்டனையை மற்றவனுக்கு வாங்கித்தர நினைத்தானோ அதையே அவனுக்குக் கொடுக்கவேண்டும் என்று வருகிறது. அறியாமல் கைப்பிசகாய்க் கொன்றவன் ஓடி ஒளிய கேதேஸ், சீகேம், எப்ரோன் முதலான ஆறு அடைக்கலப்பட்டணங்கள் வேறு.

இத்தனை வேலி போட்டும் என்ன ஆகும் என்பதற்கு வேதமே ஒரு கேஸைப் பதிவு செய்திருக்கிறது. 1 இராஜாக்கள் 21. யெஸ்ரயேலில் அரண்மனைக்குப் பக்கத்தில் நாபோத்துக்கு ஒரு திராட்சத்தோட்டம். ஆகாப் ராஜாவுக்கு அதைக் கீரைக்கொல்லையாக்க ஆசை. பிதாக்களின் சொத்தைத் தரமாட்டேன் என்கிறான் நாபோத். ராஜா சாப்பிடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு கட்டிலில் படுத்துவிடுகிறான். அப்புறம் அவன் மனைவி யேசபேல் வேலையில் இறங்குகிறாள். ராஜாவின் பேரில் நிருபம் எழுதி, முத்திரை போட்டு, ஊர் மூப்பருக்கும் பெரியோருக்கும் அனுப்புகிறாள். உபவாசம் கூறப்படுகிறது. நாபோத்தை ஜனத்தின் முன்னால் உட்கார வைக்கிறார்கள். எதிரே இரண்டு பேர். கவனியுங்கள், சரியாக இரண்டு பேர். தேவனையும் ராஜாவையும் தூஷித்தான் என்று சாட்சி சொல்கிறார்கள். பட்டணத்துக்கு வெளியே கொண்டுபோய்க் கல்லெறிந்து கொல்கிறார்கள்.

காகிதத்தில் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. மூப்பர்கள் இருந்தார்கள், சாட்சி எண்ணிக்கை சரி, குற்றம் மரண தண்டனைக்குரியது, இடம்கூடச் சரி. தீர்க்கதரிசி எலியா வந்து அதை நீதித் தவறு என்று சொல்லவில்லை. நீ கொலை செய்தாய் என்று ராஜாவின் முகத்துக்கு நேரே சொன்னான். சட்டப்படி நடந்த ஒரு மரண தண்டனைக்கு வேதம் வைத்த பெயர் கொலை. இந்த அதிகாரத்தை வைத்துக்கொண்டு, "கோர்ட் தீர்ப்பு வந்தாச்சே, அப்புறம் என்ன?" என்று ஒரு விசுவாசி எப்படிப் பேசமுடியும் என்று எனக்குப் புரியவில்லை.

யூத ரபிமார் இந்த வேலிகளைப் பார்த்தவர்கள். கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்ட நூலான மிஷ்னாவில், ஏழு ஆண்டுக்கு ஒருவரைக் கொல்லும் நீதிமன்றத்தை நாசகார நீதிமன்றம் என்கிறார்கள். எழுபது ஆண்டுக்கு ஒருவர் என்றாலே அப்படித்தான் என்கிறார் எலெயாசார் பென் அசரியா. நாங்கள் அந்த நீதிமன்றத்தில் இருந்திருந்தால் ஒருவரும் கொல்லப்பட்டிருக்கமாட்டார் என்று அகிபாவும் தர்போனும் சொல்ல, அப்படியானால் இஸ்ரவேலில் கொலைகாரர்கள் பெருகியிருப்பார்கள் என்று ஷிமோன் பென் கமாலியேல் திருப்பிக் கொடுக்கிறார். நம் வாட்ஸ்அப் சண்டை அங்கேயே ஒழுங்காக நடந்து முடிந்திருக்கிறது.

இன்றைய உதாரணம் வேண்டுமானால் அமெரிக்காவின் அலபாமா. 1985-ல் நடந்த இரண்டு கொலைகளுக்காக ஆந்தனி ரே ஹின்டன் என்ற கறுப்பினத்தவருக்கு மரண தண்டனை. அவருடைய தாயார் வீட்டில் எடுத்த துப்பாக்கியோடு தோட்டாக்கள் ஒத்துப்போகின்றன என்பதுதான் முக்கியச் சான்று. அதை மறுக்க நிபுணர் வைக்க 1,000 டாலருக்கு மேல் கிடைக்காது என்று அவருடைய வழக்கறிஞர் சட்டத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2015-ல்தான் ஹின்டன் வெளியே வந்தார். கிட்டத்தட்ட முப்பது வருஷம். இரண்டு மூன்று வாய்களின் சாட்சியைக் கேட்ட சட்டம், அந்தத் தோட்டாக்களை என்ன செய்திருக்கும்?

யோவான் 8-ஐத் தீர்ப்பு நகலாகக் காட்டுவது

விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் கதையை எதிர்ப்பாளர்கள் ஒரே அடியாக அடிக்கப் பயன்படுத்துவார்கள்: உங்களில் பாவமில்லாதவன் முதல் கல்லை எறியட்டும், ஆகவே மரண தண்டனை ஒழிந்தது. முதல் சிக்கல், மிகப் பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் இந்தப் பகுதி இல்லை. பல நவீன பதிப்புகள் அடைப்புக்குறிக்குள்தான் அச்சிடுகின்றன. உண்மை நிகழ்ச்சியாகவே இருக்கலாம், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் ஒரு கோட்பாட்டின் முழு பாரத்தையும் இதன் மேல் ஏற்றக்கூடாது.

இரண்டாவது, அது கண்ணி. கல்லெறியச் சொன்னால் ரோமரிடம் மாட்டவேண்டும், வேண்டாம் என்றால் மோசேயை மறுத்ததாகும். பெண் மட்டும் நிற்கிறாள். லேவியராகமம் 20:10 இருவரையும் கேட்கிறது, ஆணைக் காணோம். இயேசு கேட்டது முதல் கல் யாருடையது என்று. உபாகமம் 17:7-ன்படி அது சாட்சியின் கல். சாட்சிகள் ஒவ்வொருவராய்ப் போனபின் வழக்கே நிற்கவில்லை. "பாவமில்லாதவன்" என்பதை எல்லா நீதிமன்றத்துக்கும் விதியாக்கினால் திருட்டு கேஸைக்கூட விசாரிக்க ஆள் கிடைக்காது.

ரோமர் 13-ஐப் 12-லிருந்து அறுத்தெடுப்பது

அதிகாரி பட்டயத்தை (வாளை) விருதாவாய்ப் பிடித்திருக்கவில்லை என்ற 13:4 ஆதரவாளர்களின் இரண்டாம் தூண். பவுல் இதை எழுதியது ஏறக்குறைய கி.பி. 57-ல், நீரோ ஆண்டபோது. பேசிக்கொண்டிருக்கும் விஷயம் வரி கட்டுவது. பட்டயம் அரசின் தண்டிக்கும் வல்லமையைக் குறிக்கிறது என்பதில் சந்தேகமில்லை. உயிரெடுப்பதும் அதில் அடக்கம் என்றே எடுத்துக்கொள்ளலாம். தான் மரணத்துக்கு ஏதுவானதைச் செய்திருந்தால் சாக மறுக்கமாட்டேன் என்று அப்போஸ்தலர் 25:11-ல் பவுலே சொல்கிறான். ஆனால் அதற்குச் சற்று முன்னால்தான் 12:19 இருக்கிறது: பழிவாங்காதிருங்கள். அதிகார எண்கள் பிற்காலத்தில் போட்டவை. கடிதத்தைக் கேட்ட ரோமாபுரிச் சபைக்கு இரண்டும் ஒரே மூச்சில் காதில் விழுந்தன. அப்புறம், அதே நீரோவின் காலத்தில் பவுல் பட்டயத்தால் வெட்டப்பட்டான் என்பது சபையின் பாரம்பரியம்.

மன்னிப்பையும் தண்டனையையும் ஒன்றாகக் குழைப்பது

1999 ஜனவரியில் ஒரிசாவின் மனோகர்பூரில் ஆஸ்திரேலிய மிஷனரி கிரஹாம் ஸ்டெயின்ஸும் பிலிப், திமோத்தி என்ற இரு மகன்களும் வண்டிக்குள் எரிக்கப்பட்டார்கள். மனைவி கிளாடிஸ் கொலையாளிகளை மன்னித்ததாக வெளிப்படையாகச் சொன்னார். வழக்கு அதனால் நிற்கவில்லை. 2003-ல் முக்கியக் குற்றவாளி தாரா சிங்குக்கு மரண தண்டனை, 2005-ல் உயர் நீதிமன்றம் அதை ஆயுளாகக் குறைத்தது, 2011-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. கிளாடிஸின் மன்னிப்பு அவருடையது. அதைக் காட்டி அரசு தண்டிக்கக்கூடாது என்பதும், அரசு தண்டிப்பதைக் காட்டி நான் மன்னிக்கவேண்டியதில்லை என்பதும் ஒரே குழப்பம்தான்.

"சபை எப்போதும் இப்படித்தான் சொன்னது" என்பது

சொல்லவில்லை. கி.பி. 412 வாக்கில் ஒரு குருவானவரைக் கொன்று, இன்னொருவரின் கண்ணைப் பிடுங்கி விரலை வெட்டிய கும்பலுக்காக, அவர்களைக் கொல்லவேண்டாம் என்று ரோம அதிகாரி மார்செல்லினுக்கு ஆயர் அகுஸ்தீன் கடிதம் எழுதினார். அரசின் பட்டயத்தை ஏற்றவரும் அவரே. போப்பாண்டவரின் ஆட்சிப்பகுதியில் ஜொவான்னி பத்திஸ்தா புகாத்தி என்ற தண்டனையாளர் 1796 முதல் 1864 வரை 500-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார். வத்திக்கானின் சட்டத்திலேயே 1929 முதல் 1969 வரை மரண தண்டனை இருந்தது, ஒருமுறையும் நிறைவேற்றப்படவில்லை. 2018 ஆகஸ்டில் திருத்தந்தை பிரான்சிஸ் மறைக்கல்வி நூலைத் திருத்தி அது ஏற்கத்தகாதது என்றார். சீர்திருத்தக் காலத்துப் பிரிவினரான அனபாப்தியர் 1527-லேயே பட்டயம் கிறிஸ்துவின் பூரணத்துக்கு வெளியே என்று எழுதிவிட்டார்கள். 2000-ல் அமெரிக்காவின் தெற்கத்திய பாப்திஸ்துகள் ஆதரித்துத் தீர்மானம் போட்டார்கள். அந்தத் தீர்மானம்கூட மறுக்கமுடியாத சான்றும் பாரபட்சமில்லாத நடைமுறையும் வேண்டும் என்று கேட்கிறது.

நம் ஆளுக்கு மட்டும் இரக்கம் கேட்பது

டெக்சாஸில் இரட்டைக் கொலைக்குத் தண்டனை பெற்ற கார்லா ஃபே டக்கர் சிறையில் இயேசுவை ஏற்றுக்கொண்டார். மரண தண்டனையை ஆதரித்து வந்த டிவி பிரசங்கியார் பாட் ராபர்ட்சன் அவருக்காகக் கெஞ்சினார். ஆளுநர் ஜார்ஜ் புஷ் தலையிடவில்லை. 1998 பிப்ரவரி 3 அன்று விஷ ஊசி போடப்பட்டது. மனந்திரும்பியவருக்கு விலக்கு என்றால் மனந்திரும்பாதவர் எக்கேடு கெட்டும் போகலாமா? எசேக்கியேல் 33:11 சொல்வது துன்மார்க்கன் சாவதில் கர்த்தருக்குப் பிரியமில்லை என்று. அது இன்னும் திரும்பாதவனைப் பற்றியது. அவனைத் திரும்பவிடாமல் முடித்துவிடுவதுதான் இங்கே கேள்வி.

ராபர்ட்சன் அங்கேயே நின்றுவிடவில்லை. 2000-ல், கொள்கையளவில் மரண தண்டனையை விட்டுக்கொடுக்காமலேயே, அதை நிறுத்தி வைக்கவேண்டும் என்று கேட்டார். நல்ல வக்கீல் வைக்க வசதியில்லாத ஏழைகள் மேலும் சிறுபான்மையினர் மேலும்தான் அது பாரபட்சமாக விழுகிறது என்று அவர் காரணம் சொன்னார்.