ஆர்வி பிளக் சூடாகிறதா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

கோடை வந்தால் போதும், ஆர்விகள், அதாவது படுக்கையும் அடுப்படியும் உள்ள பயண வண்டிகள், வந்து தங்கும் அமெரிக்க கேம்ப்கிரவுண்டுகளில் கருகிய பிளக்கும் கையுமாக யாராவது ஒருவர் நிற்பதைப் பார்க்கலாம். ஆர்வி வைத்திருக்கும் பழைய ஆட்கள் ஒரு காலத்தில் செய்த அதே கூத்தைத்தான் புதியவர்களும் செய்கிறார்கள். பிரேக்கரை அணைத்துவிட்டுக் கழற்றுங்கள், ஈரக்கையோடு தொடாதீர்கள் என்பதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை, வண்டியோடு வரும் புத்தகத்திலேயே இருக்கிறது.

கருகிய பிளக்கை மட்டும் மாற்றுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல்தான். போன ஆகஸ்டில் டெக்சாஸில், புது டிரெய்லரோடு பக்கத்து இடத்துக்கு வந்திருந்த தம்பி ஒருவரின் 30 ஆம்பியர் பிளக்கில் ஒரு பின் பழுப்பேறி, அதைச் சுற்றி பிளாஸ்டிக் இளகிப் புடைத்திருந்தது. கடைக்குப் போய் புது பிளக் வாங்கி மாட்டினார், கேம்ப்கிரவுண்டின் மின்பெட்டியில் இருந்த அதே சாக்கெட்டில் செருகினார். மறுநாள் மதியம் அதுவும் போச்சு. "மட்டமான பிளக் அண்ணா, ஏமாத்திட்டாங்க" என்றார். பிரேக்கரை அணைத்துவிட்டு மறுபடி செருகிக் காட்டச் சொன்னேன். ஒரு விரலால் தள்ளியதும் உள்ளே போய்விட்டது, அத்தனை தொளதொளப்பு.

அந்த சாக்கெட்டில் வருஷக்கணக்காக எத்தனையோ பேர் செருகிப் பிடுங்கியிருப்பார்கள். உள்ளே பின்னைப் பிடிக்கும் தகடு தளர்ந்துவிட்டால் தொடும் பரப்பு குறைந்து, அந்த இடத்தில் மின்தடை ஏறும். வெறும் 0.1 ஓம் என்று வையுங்கள், 25 ஆம்பியர் ஓடினால் 62 வாட்டுக்கு மேல் வெப்பம், அதாவது ஒரு சால்டரிங் அயர்ன் பிளக்குக்குள் உட்கார்ந்திருக்கிற மாதிரி. அந்தச் சூட்டில் தகடு இன்னும் தளரும், இன்னும் சூடாகும். "பிரேக்கர் விழவே இல்லையே?" என்பார்கள். எப்படி விழும்? பெட்டியில் இருக்கும் பிரேக்கர் பார்ப்பது கரன்ட்டை, அது கூடவில்லையே.

இதன் மறுபக்கம்தான் மோசம். கருகிய பின்னை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு அடுத்த ஊருக்குக் கொண்டுபோனால், அங்கிருக்கும் நல்ல சாக்கெட்டும் கெடும். தேய்ப்பதில் பின்னின் மேல்பூச்சு போகும், கருகிய இடத்தில் விழுந்த குழி போகாது.

சரி, என்ன செய்வது? கேம்ப்கிரவுண்ட் ஆபீஸில் சொல்லி முதலில் இடத்தை மாற்றுங்கள். அவர்கள் பெட்டியை நீங்கள் திறக்க வேண்டாம். பிளக்கை மாற்றும்போது கேபிளைப் பளபளப்பான செம்பு தெரியும்வரை வெட்டுங்கள், கறுத்த கம்பியின்மேல் ஸ்க்ரூவை எவ்வளவு முறுக்கினாலும் சரியாகப் பிடிக்காது. அப்புறம் ஏசியை அரை மணி நேரம் ஓடவிட்டு, பிளக்கின் உடம்பில் புறங்கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கையை எடுக்கத் தோன்றினால் அணைத்துவிடுங்கள்.

30 ஆம்பியரையும் மணிக்கணக்கில் இழுப்பது

ஏசி சுமார் 13 முதல் 15 ஆம்பியர், கரன்ட்டில் ஓடும் வாட்டர் ஹீட்டர் 12. இரண்டும் சேர்ந்தால் 27 வரை போகும். மைக்ரோவேவையும் போட்டால் பிரேக்கர் விழும், அது நல்லதுதான். விழாமல் சாயங்காலம் வரை 27-லேயே ஓடுவதுதான் பிளக்கைச் சமைப்பது. தொடர்ந்து ஓடும் சுமைக்கு 80 சதவீதம், அதாவது 24 ஆம்பியர்தான் கணக்கு. ஹீட்டரை கேஸுக்கு மாற்றுங்கள், அவ்வளவுதான்.

வண்டிப் பக்கத்தை மறப்பது

எல்லோரும் பெட்டிப் பக்க பிளக்கையே பார்க்கிறார்கள். கேபிளின் மறுமுனை வண்டியில் திருகிப் பூட்டும் இடமும் அதே மாதிரி கருகும். பாதித் திருகோடு விட்டுவிடுகிறார்கள், இல்லையென்றால் சாலை அதிர்வில் உள்பக்க ஸ்க்ரூக்கள் தளர்ந்திருக்கும். சூடாகும் பிளாஸ்டிக்கில் சில சமயம் மீன் வாடை அடிக்கும். சமையலில் மீன் இல்லாத நாளில் அந்த வாடை வந்தால், முதலில் மெயினை அணையுங்கள்.

சுருட்டிவைத்த கேபிள்

அவிழ்த்துப் போடுங்கள். முழுசாக.

அடாப்டர் மேல் அடாப்டர்

வேண்டாம்.

வீட்டில் 30 ஆம்பியர் சாக்கெட் போடுவது

இது சூட்டு விவகாரம் இல்லை, ஆனாலும் செலவு வைப்பதில் இதை மிஞ்ச ஆளில்லை. 30 ஆம்பியர் என்றதும் சில எலக்ட்ரீஷியன்கள் துணி உலர்த்தும் மெஷினுக்குப் போடுகிற மாதிரி 240 வோல்ட் கொடுத்துவிடுவார்கள். ஆர்வியின் 30 ஆம்பியர் பிளக்குக்கு 120 வோல்ட். செருகும் முன் நீங்களே மீட்டர் வைத்துப் பாருங்கள். 240 காட்டினால் அவரைத் திரும்பக் கூப்பிடுங்கள், செருகிவிட்டால் மைக்ரோவேவ், பேட்டரியை சார்ஜ் செய்யும் கன்வெர்ட்டர், ஏசி எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தண்டம் அழ வேண்டியிருக்கும்.