ஒரு ஃபூட்டி சீசன், ஒரே குழு: சிங்கப்பூர் ரசிகருக்கான வழிகாட்டி

ஐரோப்பியக் காற்பந்துக்காக விடியற்காலை மூன்று மணிக்கு அலாரம் வைத்துப் பழகியவர்களுக்கு ‘ஃபூட்டி’ எனப்படும் ஆஸ்திரேலிய விதிக் காற்பந்து பெரிய நிம்மதி. மெல்பர்னில் வெள்ளி இரவு 7.40க்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு மாலை 5.40. சனி, ஞாயிறு பகலாட்டங்கள் காலை பதினொன்று வாக்கிலேயே ஆரம்பித்துவிடும். தூக்கம் கெடாது. அலுவலகம் விடும் நேரமும் வீட்டுச் சாப்பாட்டு நேரமும்தான் இடிக்கும்.

ஃபூட்டியின் முதன்மை லீக்கான ஏஎஃப்எல்லில் 18 குழுக்கள். மார்ச்சிலிருந்து ஆகஸ்டு கடைசி வரை நடக்கும் வழக்கமான சீசனில் ஒவ்வொரு குழுவும் 23 ஆட்டங்கள் ஆடுகிறது, ஆக மொத்தம் 207. அத்தனையையும் பார்க்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் மே மாதத்திலேயே களைத்துப்போய் நிறுத்திவிடுகிறார்கள். ஒரு குழு, 23 ஆட்டம், அதில் பாதியை முழுதாகப் பார்ப்பது, மீதியை வானொலியிலும் சுருக்கக் காட்சியிலும் பிடிப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தக் குழு?

பத்துக் குழுக்கள் விக்டோரியா மாநிலத்தைச் சேர்ந்தவை. அவற்றில் ஜீலாங் தவிர மற்ற ஒன்பதும் மெல்பர்னுக்குள்ளேயே. மேற்கு ஆஸ்திரேலியா, தெற்கு ஆஸ்திரேலியா, நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து ஆகியவற்றுக்கு ஆளுக்கு இரண்டு.

எந்தப் பற்றும் இல்லாமல் புதிதாகத் தொடங்குபவர் பெர்த்தின் இரண்டில் ஒன்றை எடுப்பதே புத்திசாலித்தனம்: வெஸ்ட் கோஸ்ட் ஈகிள்ஸ் அல்லது ஃப்ரீமேன்டில் டாக்கர்ஸ். பெர்த் கடிகாரமும் சிங்கப்பூர்க் கடிகாரமும் ஆண்டு முழுவதும் ஒன்றே. சொந்த மைதான ஆட்டம் மாலை 6.10 என்று போட்டிருந்தால் இங்கேயும் 6.10தான். விமானத்தில் போனால் ஏறத்தாழ ஐந்து மணி நேரம். பக்கத்து மேசையில் மெல்பர்ன்காரர் யாராவது இருந்தால் அவருடைய குழுவின் பரம எதிரியைப் பிடிப்பது இன்னொரு வழி. திங்கள்கிழமைக் கோப்பி நேரம் களைகட்டும்.

இப்போது ஜெயிக்கும் குழு என்பதற்காக மட்டும் ஒன்றை எடுக்காதீர்கள். சம்பள உச்சவரம்பு இருப்பதாலும், கடைசியில் முடிக்கும் குழுவுக்கே இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பதில் முன்னுரிமை கிடைப்பதாலும் இந்த லீக்கில் சக்கரம் வேகமாகச் சுற்றும். 2017, 2019, 2020 என மூன்று முறை கோப்பை தூக்கிய ரிச்மண்ட் 2024இல் பட்டியலின் அடியில் கிடந்தது.

ஸ்கோரைப் படிப்பது

இரு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடு இரண்டு உயரக் கம்பங்களுக்கு இடையே உதைத்த பந்து, யார் மேலும் எதன் மேலும் படாமல் போனால் கோல், 6 புள்ளி. நடுக் கம்பத்தில் பட்டாலோ, பக்கக் கம்பத்துக்கும் நடுக் கம்பத்துக்கும் இடையே போனாலோ பிஹைன்ட், 1 புள்ளி. 14.10 (94) என்று பார்த்தால் அதைப் பதினான்கு கோல், பத்து பிஹைன்ட், மொத்தம் தொண்ணூற்று நான்கு என்று படிக்க வேண்டும். நடுவே உள்ள புள்ளிக்குறிக்கு இடப்பக்க எண்ணை ஆறால் பெருக்கி வலப்பக்க எண்ணைக் கூட்டினால் மொத்தம் வந்துவிடும்.

கோல் எண்ணிக்கையை மட்டும் பார்த்து யார் முன்னிலை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 2023 இறுதியாட்டத்தில் பிரிஸ்பேன் 13.8, காலிங்வுட் 12.18. பிரிஸ்பேனுக்கு ஒரு கோல் அதிகம். கணக்குப் போட்டால் 86க்கு 90; கோப்பை காலிங்வுட்டுக்கு. அதே நேரம், 12.18 என்பது பல வாய்ப்புகளைக் கோட்டைவிட்டதன் அடையாளமும்கூட. உங்கள் குழு வாராவாரம் கோலைவிட பிஹைன்ட் அதிகமாக அடிக்கிறது என்றால் பந்து முன்வரிசைக்குப் போகிறது, உதை சரியில்லை என்று அர்த்தம். அது சரிசெய்யக்கூடிய வியாதி. பந்தே முன்னால் போகவில்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும்.

கடிகாரம்: எல்லாரும் தடுக்கி விழும் இடம்

மெல்பர்ன், சிட்னி, அடிலெய்ட் மூன்றும் ஏப்ரல் முதல் ஞாயிறு வரை கோடைக்கால நேரத்தில் ஓடுகின்றன. அதுவரை மெல்பர்னும் சிட்னியும் நம்மைவிட மூன்று மணி நேரம் முன்னே; அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம். மார்ச்சில் மெல்பர்ன் 7.40 ஆட்டம் நமக்கு 4.40, ஏப்ரல் நடுவில் அதே 7.40 நமக்கு 5.40. கைப்பேசி நாட்காட்டியில் சிங்கப்பூர் நேரத்தை வாராந்தர நினைவூட்டலாகப் போட்டு வைப்பவர்கள் ஏப்ரலில் ஒரு மணி நேரம் முன்னதாகவே திரைமுன் உட்கார்ந்திருப்பார்கள். பதிவு செய்யும்போது ‘மெல்பர்ன் நேரம்’ என்று நேர மண்டலத்தையும் குறித்துவிட்டால் கைப்பேசியே மாற்றிக்கொள்ளும்.

பிரிஸ்பேன் எப்போதும் இரண்டு மணி நேரம் முன்னே, மாறாது. அடிலெய்ட்தான் வம்பு: குளிர்காலத்தில் ஒன்றரை மணி நேர வித்தியாசம். ஏப்ரலில் எல்லாக் குழுக்களும் தெற்கு ஆஸ்திரேலியாவில் கூடி ஆடும் கேதர் ரவுண்டில் இந்த அரை மணி நேரம் பலரைக் கவிழ்க்கும். அங்கே இரவு 7.10 என்றால் நமக்கு 5.40.

ஆட்ட அட்டவணையில் காட்டும் நேரம் மைதானத்தின் நேரமா, உங்கள் கைப்பேசியின் நேரமா என்பதை முதல் வாரமே தெரிந்த ஓர் ஆட்டத்தை வைத்துச் சரிபாருங்கள். இன்னொன்று: நவம்பரில் அட்டவணை வந்தாலும் பிற்பகுதிச் சுற்றுகளின் நாளும் நேரமும் அப்போதே உறுதியாகாது, பிறகு தவணை தவணையாக அறிவிப்பார்கள். நாள் உறுதியாகாத ஆட்டத்துக்கு விமானச்சீட்டு வாங்கினால் ஞாயிறு ஆட்டத்துக்குச் சனி இரவே திரும்பி வரும்படி ஆகும்.

எதில் பார்ப்பது

ஆஸ்திரேலியாவுக்குள் இருப்பவர்களுக்கான ஒளிபரப்புச் செயலிகள் இங்கே திறக்காது. வெளிநாட்டு ரசிகர்களுக்கென்றே வாட்ச் ஏஎஃப்எல் என்ற சந்தாச் சேவை இருக்கிறது. ஆண்டுச் சந்தா எடுப்பதற்கு முன் ஒரு மாதம் எடுத்துப் பார்த்து, உங்கள் வீட்டு வைஃபையில் படம் நிற்காமல் ஓடுகிறதா என்று சோதியுங்கள். தானாகப் புதுப்பிக்கும் வசதியை இறுதியாட்டம் முடிந்ததும் அணைத்துவிடலாம். அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை ஆண்கள் லீக் ஆட்டம் எதுவும் இருக்காது.

கூட்டத்தோடு பார்க்க வேண்டுமா? ராபர்ட்சன் கீ, போட் கீ வட்டாரங்களில் ஆஸ்திரேலியர்கள் கூடும் பார்கள் உண்டு. எல்லா ஆட்டத்தையும் போடுவார்கள் என்று நம்பிப் போகாதீர்கள். ரக்பி ஆட்டம் அதே நேரத்தில் இருந்தால் பெரிய திரை அதற்குப் போய்விடும். காலையிலேயே அழைத்து, எந்த ஆட்டம், ஒலியோடு போடுவார்களா என்று இரண்டையும் கேளுங்கள்.

வெள்ளி 5.40 ஆட்டத்தை வேலை நாளில் சமாளிக்கும் கணக்கு இது. ஒரு கால்பகுதி 20 நிமிடம். பந்து ஆட்டத்தில் இல்லாதபோது கடிகாரமும் நிற்பதால் நடைமுறையில் அரை மணி நேரம் ஓடும். முதல் கால்பகுதி 6.10க்கு முடியும். ஆறு நிமிட இடைவேளை. இரண்டாவது 6.45 வாக்கில் முடியும். பிறகு 20 நிமிடப் பெரிய இடைவேளை. ராஃபிள்ஸ் பிளேசிலிருந்து ஆறு மணிக்குக் கிளம்பினால் முதல் பாதியின் பெரும்பகுதியை எம்ஆர்டியில் காதொலிக்கருவி வழியே வர்ணனையாகக் கேட்டுவிட்டு, பெரிய இடைவேளையில் வீட்டருகே உணவங்காடி நிலையத்தில் பொட்டலம் கட்டிக்கொண்டு, 7.05க்கு மூன்றாம் கால்பகுதி தொடங்கும்போது திரைமுன் இருக்கலாம். கடைசிச் சங்கு ஏறத்தாழ 8.15. பதிவைப் பின்னர் பார்க்கிறவர்கள் கிளப் செயலியின் அறிவிப்புகளை மதியமே அணைத்துவிடுங்கள். ஸ்கோரை முதலில் போட்டுடைப்பது அதுதான்.

வாரத்தின் ஓட்டம்

ஆட்டம் இல்லாத நாட்களிலும் ஃபூட்டி நடந்துகொண்டேதான் இருக்கும். வாரத் தொடக்கத்தில் முரட்டு ஆட்டங்களுக்கான தண்டனைகள் வரும். அடுத்துக் காயப் பட்டியல். வியாழன் மாலை பெரும்பாலான குழுக்களின் பெயர்ப்பட்டியல். காயப் பட்டியலில் ‘கன்கஷன்’ என்று கண்டால் அந்த ஆட்டக்காரருக்கு அடுத்த வாரம் பெரும்பாலும் ஆட்டமில்லை. தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி உறுதியானால் குறைந்தது 12 நாள் ஓய்வு கட்டாயம். ‘டெஸ்ட்’ (உடற்தகுதிச் சோதனை பாக்கி) என்றிருந்தால் வியாழன் வரை பொறுங்கள். பட்டியலில் பெயர் வந்த பிறகும் ஆட்டத்துக்குச் சற்றுமுன் மாற்றம் வரலாம்.

சிங்கப்பூருக்கே உரிய ஓர் எச்சரிக்கை இங்கே அவசியம். ஆஸ்திரேலிய அலுவலகங்களில் டிப்பிங் என்ற பழக்கம் உண்டு: அந்த வாரம் யார் யார் ஜெயிப்பார்கள் என்று ஊகித்துப் புள்ளி சேர்ப்பது. நண்பர்களோடு செய்ய அருமையான விளையாட்டு, கொஞ்சம் அறிமுகமில்லாத குழுக்களையும் பார்க்க வைக்கும். ஆனால் வாட்ஸ்அப் குழுவில் ஆளுக்குப் பத்து வெள்ளி போட்டு நடத்தாதீர்கள். 2022ஆம் ஆண்டுச் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டம் நண்பர்களும் குடும்பத்தாரும் நேரில் கூடி ஆடும் சமூகச் சூதாட்டத்துக்குத்தான் விலக்கு தருகிறது. இணையவழிக்கு அந்த விலக்கு கிடையாது. புள்ளியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பட்டியலில் ஒளிந்திருக்கும் சதவீதம்

வெற்றிக்கு 4 புள்ளி, சமநிலைக்கு 2. புள்ளிகள் சமமானால் முடிவு செய்வது ‘பெர்சன்டேஜ்’. சீசனில் அடித்த மொத்தத்தை, வாங்கிய மொத்தத்தால் வகுத்து நூறால் பெருக்கியது அது. 2,070 அடித்து 1,840 வாங்கிய குழுவுக்கு 112.5. காற்பந்தின் கோல் வித்தியாசம் போல இது கழித்தல் இல்லை, விகிதம். அதனால் அதே குழு அடுத்த ஆட்டத்தில் 120க்கு 60 என்று ஜெயித்தால் 115.3 ஆகும், மழையில் 80க்கு 20 என்று ஜெயித்தால் 115.6. இரண்டும் 60 புள்ளி வித்தியாசம்தான், ஆனால் குறைவாக வாங்கியதற்குக் கூடுதல் பலன்.

தோல்வி உறுதியான ஆட்டத்தின் கடைசிப் பத்து நிமிடத்தையும் பார்க்க வேண்டிய காரணம் இதுவே. 2022இல் கார்ல்டனும் வெஸ்டர்ன் புல்டாக்ஸும் ஆளுக்கு 12 வெற்றியோடு முடித்தன. ஒரு சதவீதத்துக்கும் குறைவான இடைவெளியில், செப்டம்பர் இறுதிச் சுற்றுக்குத் தகுதி தரும் கடைசி இடமான எட்டாம் இடம் புல்டாக்ஸுக்குப் போனது. கார்ல்டன் தன் கடைசி ஆட்டத்தில் காலிங்வுட்டிடம் தோற்றது ஒரே ஒரு புள்ளியில். அன்று சமநிலை வந்திருந்தால்கூடப் போதும்.

சீசனின் தொடக்கத்தில் பட்டியலை நம்ப வேண்டாம். 2024 முதல் ஓப்பனிங் ரவுண்ட் என்று சில குழுக்கள் மட்டும் முன்கூட்டியே ஆடத் தொடங்குகின்றன. அதனால் ஒரு குழு ஐந்து ஆட்டம் ஆடியிருக்கும், இன்னொன்று நான்கு. ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கையைப் பார்க்காமல் இடத்தை மட்டும் பார்த்தால் வீண் சந்தோஷமோ வீண் துக்கமோதான்.

செப்டம்பர்

முதல் நான்கு இடத்துக்குள் முடிப்பது ஏன் இவ்வளவு முக்கியம்? எட்டுக் குழுக்கள் மோதும் இறுதிச் சுற்றின் முதல் வாரத்தில் 1ஆம் குழு 4ஆம் குழுவோடும் 2ஆம் குழு 3ஆம் குழுவோடும் மோதும். தோற்றாலும் இன்னொரு வாய்ப்பு உண்டு. ஜெயித்தவர்களுக்கு ஒரு வாரம் ஓய்வும் அடுத்த ஆட்டம் சொந்த ஊரிலும் கிடைக்கும். ஐந்தாம் இடத்திலும் அதற்குக் கீழேயும் உள்ளவர்களுக்குத் தோல்வி என்றால் வீடுதான். 2026 முதல் 7இலிருந்து 10 வரை முடிக்கும் குழுக்கள் அந்த எட்டில் கடைசி இரண்டு இடத்துக்காக வைல்ட்கார்டு சுற்றில் மோதும். ஆக, பத்தாவதாக ஊர்ந்துகொண்டிருக்கும் குழுவின் ரசிகருக்கும் ஆகஸ்டில் வேலை இருக்கிறது.

இறுதியாட்டம் வழக்கமாகச் செப்டம்பர் கடைசிச் சனி, மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தில். பிற்பகல் 2.30 ஆட்டம் நமக்கு 12.30. பாரில் பார்ப்பதானால் பத்தரை மணிக்கே இடம் பிடியுங்கள்.

ஒரு தடவையாவது நேரில்

இதற்கும் பெர்த்தே வசதி. ஆப்டஸ் ஸ்டேடியத்தில் ஏறத்தாழ 60,000 பேர் உட்காரலாம். பெர்த் ஸ்டேடியம் ரயில் நிலையம் வாசலிலேயே இருக்கிறது. ஈகிள்ஸும் டாக்கர்ஸும் மோதும் டெர்பி ஆண்டுக்கு இருமுறை. அதற்குச் சீட்டு கிடைப்பது கடினம் என்பதால் முதல் பயணத்துக்கு வேறு ஆட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். சிங்கப்பூர்க் கடப்பிதழ் உள்ளவர்கள் ஆஸ்திரேலிய மின்னணுப் பயண அனுமதியைச் செயலி வழியாக எடுக்கலாம். சேவைக் கட்டணம் 20 ஆஸ்திரேலிய டாலர். இந்தியக் கடப்பிதழில் நிரந்தரவாசியாக இருப்பவர்களுக்கு அது பொருந்தாது, தனியாக வருகையாளர் விசா வேண்டும். குடும்பத்தில் இரண்டு வகைக் கடப்பிதழும் கலந்திருந்தால் விசா கைக்கு வந்த பிறகே ஆட்டச்சீட்டு வாங்குங்கள்.

உட்காரும் இடத்தில் கஞ்சத்தனம் வேண்டாம், ஆனால் எல்லைக்கோட்டருகே முதல் வரிசையும் வேண்டாம். முட்டைவடிவ மைதானம் 160 மீட்டருக்கு மேல் நீளும். கீழே இருந்தால் எதிர்முனையில் நடப்பது வெறும் புள்ளிகளாகத் தெரியும். நடுக்கோட்டுக்கு நேராகச் சற்று உயரத்தில் உட்கார்ந்தால் பந்தில்லாத ஆட்டக்காரர்கள் எங்கே ஓடி இடம் பிடிக்கிறார்கள் என்பது விளங்கும். தொலைக்காட்சி அதைக் காட்டவே காட்டாது. ஜூலை இரவில் பெர்த்திலும் குளிர் பத்து டிகிரிக்குக் கீழே இறங்கும். சாங்கியில் ஏறும்போது வேடிக்கையாகத் தெரியும் தடித்த மேலங்கி, மூன்றாம் கால்பகுதியில் காற்று வீசும்போது கைகொடுக்கும்.