ரவுட்டர் மாற்றப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்துவிடாதீர்கள்

கைபேசி, மடிக்கணினி, டிவி, கேமரா, ஸ்மார்ட் பல்பு, பிளக், ஸ்பீக்கர் என்று எண்ணிப் பார்த்தால், பல வீடுகளில் வைஃபையில் இருக்கும் கருவிகள் முப்பது நாற்பதைத் தாண்டிவிட்டன. வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கிறது, கேமரா அடிக்கடி இணைப்பை விடுகிறது என்றதும், இருப்பதிலேயே விலை கூடிய ரவுட்டரை வாங்கிவிடத் தோன்றும். வாங்கி மாட்டிய பிறகும் அதே தொல்லை நீடிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் கீழே உள்ளவற்றில் ஒன்று.

சோதிக்காமல் வாங்குவது

முதலில் மடிக்கணினியின் வைஃபையை அணைத்துவிட்டு, பழைய ரவுட்டரில் லேன் கேபிளைச் செருகி வேகத்தைப் பாருங்கள். கேபிளிலேயே வேகம் குறைவு என்றால் புது வைஃபை எதையும் மாற்றப்போவதில்லை. 300 எம்பிபிஎஸ் திட்டம் எடுத்திருந்தும் எண் 94 பக்கத்திலேயே நின்றுவிடுகிறதா? எங்கோ ஒரு போர்ட் (கேபிள் செருகும் துளை) 100 எம்பிபிஎஸ்ஸில் இணைந்திருக்கிறது என்று அர்த்தம். ஜிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) இணைப்புக்குக் கேபிளின் எட்டுக் கம்பிகளும் வேண்டும். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு நான்கே போதும். மீதி நான்கில் ஒரு கம்பி முனையில் சரியாகப் பிடிக்காவிட்டாலும், இணைப்பு அறுந்துபோகாமல் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். கேபிளை மாற்றினால் முடிந்துபோகிற வேலை அது. மலிவான சில ரவுட்டர்களில் போர்ட்டே 100 எம்பிபிஎஸ்தான் என்பதையும் கவனியுங்கள்.

அப்லோட் வேகத்தையும் பாருங்கள். முழு எச்டி கேமரா ஒன்று இடைவிடாமல் கிளவுடுக்குப் பதிவை அனுப்பினால் ஏறத்தாழ 2 முதல் 4 எம்பிபிஎஸ் எடுத்துக்கொள்ளும். ஆறு கேமராவுக்கு 12 முதல் 24. உங்கள் அப்லோட் 20 என்றால் அந்த வரிசையிலேயே வீடியோ அழைப்பும் சிக்கித் திக்கும். அசைவு தெரிந்தால் மட்டும் பதிவு செய்யும்படி கேமராவை மாற்றுவதுதான் முதல் மருந்து. எஸ்க்யூஎம் என்ற வரிசை மேலாண்மை வசதி உள்ள ரவுட்டர் அடுத்தது.

பெட்டியில் உள்ள பெரிய எண்ணை நம்புவது

ஏஎக்ஸ்5400 என்று எழுதியிருந்தால் 5400 எம்பிபிஎஸ் கிடைக்கும் என்று பொருளல்ல. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 574, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 4804, இரண்டையும் கூட்டி மேலே தூக்கிவிட்ட எண் அது. 4804-க்கு நான்கு ஆன்டெனாவும் 160 மெகாஹெர்ட்ஸ் சேனல் அகலமும் வேண்டும். (சேனல் என்பது அலைவரிசையில் ரவுட்டர் பயன்படுத்தும் ஒரு துண்டு.) கைபேசிகளில் பொதுவாக இரண்டு ஆன்டெனாதான். 80 மெகாஹெர்ட்ஸில் அதன் இணைப்பு வேகம் 1201. கைக்கு வருவது அதிலும் 60, 70 சதவீதம்தான். பல்பு, பிளக் வகையறாக்களோ பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸில், ஒற்றை ஆன்டெனாவில், 72 எம்பிபிஎஸ் உச்சத்தில் பேசுபவை. ரவுட்டர் எவ்வளவு பெரியதானாலும் அவை மாறப்போவதில்லை.

கருவிகள் நிறைந்த வீட்டில் உண்மையான தட்டுப்பாடு நேரத்துக்குத்தான். ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். தூரத்தில் இருக்கும் கேமரா சிக்னல் குறைந்து 6 எம்பிபிஎஸ்ஸில் பேசினால், 72-ல் பேசும் கருவி அனுப்பும் அதே தரவுக்கு ஏறத்தாழ 12 மடங்கு நேரம் பிடிக்கும். அதுவரை மற்றவை காத்திருக்க வேண்டும். ஆகவே தொலைவில் நின்று தடுமாறும் அந்த ஒரு கருவியைச் சரிசெய்தால் வீடு முழுவதும் வேகம் கூடும். டிவி, மேசைக் கணினி, கேமராப் பதிவுப் பெட்டி போல நகராதவற்றுக்குக் கேபிள் இழுத்துவிடுங்கள். எந்த ரவுட்டரும் தராத நிம்மதியை அது தரும்.

வைஃபை 6-இன் ஓஎஃப்டிஎம்ஏ என்ற நுட்பம் ஒரே நேரத்தில் பலருக்குச் சேனலைப் பங்கிட்டுக் கொடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் கருவியும் வைஃபை 6 ஆக இருக்க வேண்டும். பழைய பல்புக்கு அதனால் நேரடிப் பயன் இல்லை. வைஃபை 7-இன் 320 மெகாஹெர்ட்ஸ் அகலமும் 6 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே கிடைக்கும். அந்த அலை சுவரைத் தாண்டும்போது சீக்கிரம் வலுவிழக்கும். அதைப் பயன்படுத்தும் கருவி உங்களிடம் ஒன்றுகூட இல்லையென்றால், அந்தப் பணத்தில் கேபிள் இழுப்பதே நல்லது.

எத்தனை கருவி தாங்கும் என்று பார்க்காமல் விடுவது

சில ரவுட்டர்கள் ஒரு பேண்டில் (அலைவரிசையில்) 32 கருவிகளோடு நிறுத்திக்கொள்ளும். 33-வது பல்பு சேரவே சேராது; குறை பல்பில் இருப்பதாகத்தான் தோன்றும். இன்னொரு முட்டுக்கட்டை, ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர் எடுத்துக் கொடுக்கும் எண்களின் பட்டியலான டிஎச்சிபி முகவரிப் பட்டியல். 100 முதல் 149 வரை என்று வைத்திருந்தால் 50 முகவரிதான். கைபேசிகள் தங்களின் அடையாள எண்ணான மேக் முகவரியை மாற்றிக்கொள்ளும்போதெல்லாம் புதிய முகவரி ஒன்றும் செலவாகிறது. 50 முதல் 250 வரை விரித்துவிட்டால் போதும். இதற்காகப் புது ரவுட்டர் வாங்கத் தேவையில்லை.

மெஷ் வாங்கித் தப்பான இடத்தில் வைப்பது

மெஷ் என்பது ஒன்றோடொன்று பேசி ஒரே வைஃபையை வீடு முழுக்கப் பரப்பும் பெட்டிகளின் தொகுப்பு. சிக்னல் வராத அறையிலேயே இரண்டாவது பெட்டியை வைப்பவர்கள் அதிகம். அந்தப் பெட்டிக்கே சிக்னல் வராதபோது அது எதைக் கொடுக்கும்? முதல் பெட்டிக்கும் அந்த அறைக்கும் நடுவே, சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் இடத்தில் வையுங்கள். இரண்டு பேண்ட் மட்டும் உள்ள மெஷ், ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்புவதால் வேகம் ஏறத்தாழ பாதியாகும். பெட்டிகளைக் கேபிளால் இணைத்தால் அந்த இழப்பு இல்லை.

புது ரவுட்டரை இணைய நிறுவனம் கொடுத்த பெட்டிக்குப் பின்னால் அப்படியே சொருகிவிடுவதும் தவறு. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு நெட்வொர்க் உருவாகி, பிரிண்டர் ஒன்றிலும் கைபேசி இன்னொன்றிலும் மாட்டிக்கொள்ளும். பழைய பெட்டியை, ரவுட்டர் வேலையை விட்டு இணைப்பை மட்டும் கடத்தும் பிரிட்ஜ் முறைக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் புதியதை, வைஃபை மட்டும் தரும் ஆக்சஸ் பாயிண்ட் முறையில் வைத்து, பழையதின் வைஃபையை அணைத்துவிடுங்கள்.

மாற்றும் நாளில் நடக்கும் தவறு

புதிய பெயர், புதிய பாஸ்வேர்ட், டபிள்யூபிஏ3 (டபிள்யூபிஏ2-க்கு அடுத்த வைஃபை பாதுகாப்பு முறை) என எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் நாற்பது கருவிகளையும் ஒவ்வொன்றாக மீண்டும் இணைக்க வேண்டியிருக்கும். பழைய ரவுட்டரில் இருந்த வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் எழுத்துக்கு எழுத்து, பெரிய எழுத்து சிறிய எழுத்து உட்பட, குறித்துக்கொள்ளுங்கள். புதியதில் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு அதே பெயர், அதே பாஸ்வேர்ட், டபிள்யூபிஏ2, 20 மெகாஹெர்ட்ஸ் அகலம், சேனல் 1, 6, 11-ல் நெரிசல் குறைந்த ஒன்று என்று வையுங்கள். பழையதை அணைத்த பிறகே புதியதை ஆன் செய்யுங்கள். பெரும்பாலானவை தாமாகவே வந்து சேரும். பழைய பாஸ்வேர்ட் ஊருக்கே தெரியும் என்றால் மட்டும் அதைக் கைவிட்டு, ஒருநாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் இணைத்துவிடுவதே சரி.

வேறு வழியும் உண்டு: பழைய பெயரைப் பல்பு, பிளக் போன்ற பொருள்களுக்கென்று தனி நெட்வொர்க்காக வைத்து, கைபேசிக்கும் கணினிக்கும் புதுப் பெயரில் டபிள்யூபிஏ3 வைப்பது. ஆனால் அதை விருந்தினர் நெட்வொர்க்காக அமைத்தால், பெரும்பாலும் கைபேசிக்கும் பல்புக்கும் இடையே நேரடிப் பேச்சு தடைபடும்.

அப்டேட் பற்றிக் கேட்காமல் வாங்குவது

2016-ல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலைப் பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் வசப்படுத்தியது. வாங்கும் மாடலுக்கு எத்தனை ஆண்டு ஃபர்ம்வேர் (ரவுட்டரை இயக்கும் உள் மென்பொருள்) அப்டேட் தருவார்கள் என்று பாருங்கள். பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் ஹார்டுவேர் பதிப்பு எண்ணையும் சரிபாருங்கள். ஒரே பெயரில் உள்ளே வேறு வேறு சிப் வருவதுண்டு. நிர்வாகப் பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றுங்கள். பழைய ரவுட்டரை யாருக்காவது கொடுப்பதானால் ரீசெட் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்து அழித்துவிட்டுக் கொடுங்கள். வைஃபை பாஸ்வேர்டும், பல இணைப்புகளில் இணையக் கணக்கின் லாகின் விவரமும் அதற்குள்ளேதான் இருக்கின்றன.