மழைக்காலத்துக்கு முன் வெந்நீர் ஹீட்டரைத் தயார்ப்படுத்துவது எப்படி?

தீபாவளி எண்ணெய்க் குளியல் முடிந்ததும் ஹீட்டரை ஒருமுறை கவனித்துவிடுங்கள். சிங்கப்பூரில் டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை நாள்கணக்கில் அடித்து வெப்பநிலை 22, 23 டிகிரிக்கு இறங்கும் நேரத்தில்தான் பழுதுகள் தலைகாட்டும். அப்போது ஆள் கிடைப்பதும் சிரமம்.

முதல் வேலை மின்பெட்டியில். ஆர்சிசிபியில் (மின்சாரம் கசிந்தால் தானே துண்டித்துவிடும் சுவிட்ச்) ஆங்கிலத்தில் 'T' என்று எழுதிய சிறு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் 'டக்'கென்று சுவிட்ச் கீழே விழ வேண்டும். விழாவிட்டால், மாற்றும்வரை ஹீட்டரைத் தொடாதீர்கள். 1985 ஜூலைக்கு முன் கட்டிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகள் சிலவற்றில் ஆர்சிசிபியே கிடையாது. 2025 ஜூலை 1 முதல் எல்லா வீட்டிலும் அது கட்டாயம் என்பது எரிசக்திச் சந்தை ஆணையத்தின் விதி. பெட்டியில் அந்த 'T' பொத்தானைக் காணோம் என்றால் உரிமம் பெற்ற மின்பணியாளரை அழையுங்கள்.

அடுத்து, குளியலறைக்கு வெளியே உள்ள ஹீட்டர் சுவிட்ச். அது 20 ஆம்ப் இரட்டைமுனை (இரண்டு கம்பிகளையும் ஒன்றாகத் துண்டிக்கும்) சுவிட்சாக இருக்க வேண்டும். 3 கிலோவாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் 13 ஆம்ப் இழுக்கும். சாதாரண 13 ஆம்ப் பிளக்கில் மாட்டினால் அது முழுச் சுமையில் ஓடிக்கொண்டே இருக்கும். ஒருநாள் பிளக் உருகும். ஹீட்டரைப் போட்டு இருபது நிமிடம் கழித்துச் சுவிட்சின் முகப்பைத் தொட்டுப் பாருங்கள். நன்றாகச் சுட்டாலோ, பழுப்பேறியிருந்தாலோ, மீன்வாடை போல் அடித்தாலோ உள்ளே இணைப்பு தளர்ந்திருக்கிறது.

இனி தொட்டி. ஸ்டோரேஜ் ஹீட்டரில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் பாகம், தண்ணீர் உள்ளே வரும் குழாயில் இருக்கும் பாதுகாப்பு வால்வு. 30 லிட்டர் தண்ணீர் 27 டிகிரியிலிருந்து 60க்குச் சூடாகும்போது ஏறத்தாழ 400 மில்லி விரிகிறது. தண்ணீர் திரும்பிப் போகாதபடி அதே வால்வு தடுப்பதால், அந்த ஒன்றரைத் தம்ளர் சொட்டுச்சொட்டாக வெளியேறியே ஆக வேண்டும். சூடாகும்போது மட்டும் சொட்டினால் அது பழுதில்லை. அந்த வாயை டேப் சுற்றி அடைத்துவைப்பவர்கள் உண்டு. தொட்டியை வெடிகுண்டாக்குவதற்குச் சமம். ஹீட்டர் அணைந்து ஆறிய பிறகும் சொட்டினால்தான் வால்வில் குப்பை சிக்கியிருக்கிறது. நெம்புகோலை இரண்டு மூன்று முறை தூக்கி விடுங்கள். அதற்கும் நிற்காவிட்டால் வால்வை மாற்ற வேண்டும்.

தொட்டியைக் கழுவ வரிசை முக்கியம். சுவிட்சோடு மின்பெட்டியிலும் அணையுங்கள். சுடுநீர்க் குழாயைத் திறந்து, தண்ணீர் குளிர்ந்து வரும்வரை விடுங்கள். பிறகு உள்வரும் குழாயின் வால்வை மூடி, சுடுநீர்க் குழாயைத் திறந்தே வைத்து (காற்று உள்ளே போக வேண்டும்), பாதுகாப்பு வால்வின் நெம்புகோலைத் தூக்கித் தண்ணீரை வடியுங்கள். பழுப்புத் தூள் வந்தால், உள்வரும் வால்வைச் சில நொடி திறந்து மூடி, தெளியும்வரை அலசுங்கள். முடிந்ததும் நெம்புகோலை இறக்கி, தண்ணீரை உள்ளே விடுங்கள். சுடுநீர்க் குழாயில் காற்று பொருபொருவென்று வந்து, பின் ஒரே சீராக ஓட வேண்டும். அதுவரை சுவிட்சைப் போடவே கூடாது. வெற்றுத் தொட்டியில் எலிமென்ட் (தண்ணீரைச் சூடாக்கும் பாகம்) சில நிமிடத்தில் கருகிவிடும்.

தொட்டிக்குள் மெக்னீசியக் கம்பி ஒன்று இருக்கிறது. துரு தொட்டியைத் தின்னாமல் தன்னைத் தின்னக் கொடுப்பது அதன் வேலை. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்லுங்கள். நடுவிலுள்ள இரும்பு தெரிந்தால் புதுக் கம்பி போட வேண்டும்; கூடவே ரப்பர் வளையத்தையும் மாற்றச் சொல்லுங்கள், பழையதையே போட்டால் கசியும். மூடியைக் கழற்றும் இந்த வேலையை நீங்கள் செய்ய வேண்டாம். வருபவர் மீட்டர் வைத்து எலிமென்டை அளந்தால், 3 கிலோவாட்டுக்கு 17 அல்லது 18 ஓம் காட்ட வேண்டும். ஹீட்டரைப் போட்டவுடன் ஆர்சிசிபி விழுகிறதென்றால் பெரும்பாலும் எலிமென்ட் ஓட்டையாகி மின்சாரம் கசிகிறது. தொட்டியின் உடலே கசிந்தால் ஒட்டுப்போட்டுப் பயனில்லை, புதிது வாங்க வேண்டியதுதான். ஹீட்டர் பொய்க்கூரைக்குள் இருந்தால், கூரைப் பலகையில் மஞ்சள் வட்டம் தெரிகிறதா என்று பாருங்கள். கசிவை முதலில் காட்டிக்கொடுப்பது அதுதான்.

"இரண்டாவது ஆள் குளிக்கும்போது தண்ணீர் பச்சைத்தண்ணி ஆகிவிடுகிறது" என்று பெரிய ஹீட்டர் வாங்கப் போகிறவர்கள் முதலில் தெர்மோஸ்டாட்டை (எவ்வளவு சூடு என்று வைக்கும் திருகு) பார்க்கட்டும். 30 லிட்டர் தொட்டியை 45 டிகிரியில் வைத்தால், பச்சைத்தண்ணீர் கலந்த 40 டிகிரிக் குளியல் தண்ணீர் சுமார் 40 லிட்டர் கிடைக்கும். 60இல் வைத்தால் 70 லிட்டருக்கு மேல். கிருமிகளும் அந்தச் சூட்டில் பிழைக்காது. ஆனால் 60 டிகிரித் தண்ணீர் தோலைச் சுட்டுவிடும். குழந்தைகளும் முதியவர்களும் இருக்கும் வீட்டில் பச்சைத்தண்ணீரை முதலில் திறக்கப் பழக்குங்கள். முழுத் தொட்டியும் சூடாக 3 கிலோவாட்டில் 23 நிமிடம், ஏறத்தாழ 1.15 யூனிட். யூனிட் 30 காசு என்று வைத்தால் 35 காசுதான். நாள் முழுக்கப் போட்டுவைக்கத் தேவையே இல்லை.

தொட்டியில்லாமல், ஓடும்போதே தண்ணீரைச் சூடாக்கும் இன்ஸ்டன்ட் ஹீட்டரின் கதை வேறு. மழை நாளில் "சூடே வரவில்லை" என்றால் பெரும்பாலும் பழுது இல்லை. 3.3 கிலோவாட் ஹீட்டர், நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடினால் தண்ணீரை 12 டிகிரிதான் உயர்த்தும். 3 லிட்டராகக் குறைத்தால் 16 டிகிரி. குழாயைக் கொஞ்சம் இறுக்குங்கள், போதும். தண்ணீரே மெலிதாக வந்தால் உள்வரும் வாயிலுள்ள வலைவடிகட்டியையும் ஷவர் தலையையும் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். ஹீட்டரிலேயே சோதனைப் பொத்தான் இருந்தால் மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

எரிவாயு ஹீட்டர் வைத்திருப்பவர்கள் புகை வெளியேறும் வாயைப் பார்க்க வேண்டும். மழையில் துணி காயாது என்று அதன் முன்னால் மூங்கில் கழியில் சேலையையும் போர்வையையும் தொங்கவிட்டு, ஜன்னலையும் சாத்திவிடுபவர்கள் உண்டு. அப்படி அடைபட்டால் வீட்டுக்குள் தேங்கும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தால் உடனே அணைத்துவிட்டு, உரிமம் பெற்ற எரிவாயுப் பணியாளரை வரச் சொல்லுங்கள்.