அடிபட்ட பூனையை வேறு வீட்டுக்குக் கொடுப்பதா? முடிவெடுக்கும்போது நேரும் தவறுகள்

மாடியிலிருந்து விழுந்தோ பைக்கில் அடிபட்டோ பிழைத்து வந்த பூனைக்கு ஒரு கால் இருக்காது, அல்லது வால் உயிரற்றுத் தொங்கும், அல்லது போகிற இடமெல்லாம் சிறுநீர் சொட்டும். வீட்டாரின் முகம் மெல்ல மாறும். ‘நல்லவர்கள் யாரிடமாவது கொடுத்துவிடலாமே’ என்ற பேச்சு கிளம்பும். கொடுப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. அவசரப்பட்டுக் கொடுப்பதும் மறைத்துக் கொடுப்பதும்தான் தவறு.

முதலில் அவசரம். அறுவை சிகிச்சை முடிந்த முதல் வாரத்தில் பூனை இருக்கும் நிலையைப் பார்த்து அதன் ஆயுள் முழுவதையும் கணக்குப் போடக் கூடாது. கால் அகற்றப்பட்ட பூனை தடுமாறி விழுவதைப் பார்க்கச் சகிக்காதுதான். ஆனால், பெரும்பாலான பூனைகள் சில வாரங்களில் மூன்று காலில் நாற்காலி ஏறப் பழகிவிடுகின்றன. வால் இழுபட்ட காயம் வேறு வகை. வாலின் அடியில் உள்ள நரம்புகள் சேதமானால், கால்கள் நன்றாக நடந்தாலும் சிறுநீரையும் மலத்தையும் அடக்க முடியாமல் போகலாம். இதில் ஓரளவு குணம் தெரியவே பல வாரங்கள் பிடிக்கும். ஆசனவாயைச் சுற்றி உணர்ச்சி இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள்; இருந்தால் நம்பிக்கைக்கு இடமுண்டு.

பெரும்பாலான வீடுகளில் பூனையை வெளியேற்றுவது செலவு அல்ல, சிறுநீர் வாடைதான். ‘வேண்டுமென்றே மெத்தையில் போகிறது, பழிவாங்குகிறது’ என்பார்கள். பூனைக்கு இல்லாத சூழ்ச்சியை நாமாக அதன் தலையில் கட்டுகிறோம். இடுப்பு வலிக்கிற பூனை உயரமான விளிம்புள்ள மணல் தட்டில் ஏற முடியாமல் மெத்தையைத் தேடும். ஒரு பக்கம் தாழ்ந்த தட்டு, மென்மையான மணல், படுக்கும் இடத்துக்கு அருகிலேயே இன்னொரு தட்டு: இந்த மாற்றங்களே போதுமாக இருக்கலாம். சிறுநீர்ப்பைத் தொற்று இருக்கிறதா என்று பரிசோதிக்காமல் கொடுத்தால், நோயோடு சேர்த்துக் கைமாற்றுகிறோம் என்று பொருள். ஆண் பூனை முக்கி முக்கிப் பார்த்தும் சிறுநீர் வராவிட்டால் அன்றே மருத்துவரிடம் ஓட வேண்டும். காத்திருந்தால் உயிருக்கே ஆபத்து.

வலிக்கிறதே என்று வீட்டிலுள்ள பாராசிட்டமாலைப் பொடித்துக் கொடுக்காதீர்கள். பூனைக்கு அது நஞ்சு.

அடுத்த தவறு, ‘என்னால் முடியாது’ என்று மொத்தமாகச் சொல்லி நிறுத்திவிடுவது. எது முடியவில்லை? சிறுநீர்ப்பையைக் கையால் அழுத்தி வெளியேற்ற வேண்டிய பூனை என்றால், நாளுக்கு இரண்டு மூன்று முறை, வெளியூர்ப் பயணம் இல்லாமல், யாராவது செய்தாக வேண்டும். இதை மருத்துவர் கைப்பிடித்துக் கற்றுத்தருவார். பழகியவர்களுக்குச் சில நிமிட வேலைதான். ஆனால், காலையில் போய் இரவில் திரும்புகிறவருக்கு நடவாத காரியம். பணம்தான் தடை என்றால், சென்னையில் இருப்பவர்கள் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரித்துவிட்டு முடிவெடுக்கலாம். வீட்டில் கைக்குழந்தையோ எழுந்து நடமாட முடியாத முதியவரோ இருந்து, பூனையைக் கவனிக்க ஆளே இல்லை என்றால், அதைச் சொல்லி வேறு இடம் தேடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அரைகுறைப் பராமரிப்பில் புண்ணோடு கிடப்பதைவிடப் பூனைக்கு அது மேல்.

தேடும்போது பலர் செய்வது, வாட்ஸ்அப் குழுவில் அழகான படத்தைப் போட்டு ‘இலவசம்’ என்று எழுதுவது. பாவம் பார்த்து எடுத்துச் செல்பவர் முதல் வாரத்திலேயே திருப்பி அனுப்புவார். இல்லையென்றால் தெருவில் விடுவார். குறையை முதல் வரியிலேயே எழுதுங்கள். எக்ஸ்ரே, மருந்துச் சீட்டு, வெறிநாய்க்கடி உள்ளிட்ட தடுப்பூசிப் பதிவு எல்லாவற்றையும் கையில் கொடுங்கள். கருத்தடை ஆகாமல் கொடுக்காதீர்கள். பூனையை எடுப்பவர் உங்கள் வீட்டுக்கு வந்து, தினசரி வேலையை ஒருமுறை தம் கையாலேயே செய்து பார்க்கட்டும். முகம் சுளித்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

காப்பகத்தில் விட்டால் பிரச்சினை தீர்ந்தது என்பது இன்னொரு எண்ணம். அங்கே ஏற்கெனவே அடிபட்ட தெருவிலங்குகள் நிறைந்திருக்கின்றன. கூட்டத்தில் பூனைக்கு மன அழுத்தமும் தொற்றும் எளிதில் வரும். மீன் சந்தையில் விட்டால் பிழைத்துக்கொள்ளும் என்பது அதைவிட மோசம். நொண்டும் பூனையால் நாயிடமிருந்து தப்ப முடியாது. பட்டினி கிடந்து துன்பப்படும் நிலையில் விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

கருணைக்கொலை என்ற சொல்லை வாயில் எடுக்கவே நம் வீடுகளில் கூசுகிறார்கள். ஆனால், மருந்துக்கு அடங்காத வலி, திரும்பத் திரும்ப வரும் தொற்று, சாப்பாட்டையும் விட்டுவிட்ட பூனை என்றால், அந்தப் பேச்சைத் தவிர்ப்பதற்காக அதை இன்னொருவர் கையில் திணிப்பது நியாயமில்லை. உங்களை அறிந்த பூனை உங்கள் மடியில் இருக்கும்போதே, கருணைக்கொலை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

கொடுப்பது என்று முடிவானால், புது வீட்டில் முதல் சில நாட்கள் ஒரே அறையில், பழைய துணியோடும் பழைய மணல் தட்டோடும் வைத்திருக்கச் சொல்லுங்கள். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் உடனே தெரிவிக்க வேண்டும்; பட்டினி நீண்டால் பூனையின் கல்லீரல் கெடும். ஒத்துவராவிட்டால் தெருவில் விடாமல் உங்களிடமே திருப்பித்தர வேண்டும் என்பதையும் கொடுக்கும் முன்பே பேசி எழுதிக்கொள்ளுங்கள்.